தொட்டியில் நின்ற கட்டைகள்

மரவாடிக்காரர் அன்று சாயங்காலம் ஒரு நல்ல காரியம் செய்தார். எல்லாத் தொல்லைக்கும் அதுதான் ஆரம்பம்.

மழை விட்டிருந்தது. ரம்பம் ஓய்ந்து, சட்டங்களை ஏற்றிக்கொண்டு கடைசி வண்டியும் போய்விட்டது. ஈரத்தில் ஊறிய மரத்தூள் வாடி முழுக்கப் புளித்து மணத்தது. கேட்டைப் பூட்டுவதற்கு முன்னால் ஒரு சுற்று வருவது அவர் வழக்கம். எந்த அடுக்கு சாய்ந்திருக்கிறது, எந்தப் பலகைக்கு அடியில் தண்ணீர் நிற்கிறது, எந்த மூலையில் கரையான் ஏறுகிறது என்று கண்ணாலேயே தடவிக்கொண்டு வருவார். அப்படி வரும்போதுதான் பின்சுவர் ஓரமாக, ஈரச் சாக்குப் போர்த்தி, மகளுடைய கட்டைகள் கிடப்பது நினைவுக்கு வந்தது.

மகளை எல்லாரும் குருவி என்றுதான் கூப்பிடுவார்கள். பிறந்தபோது இருந்த எடைக்கு வைத்த பெயர். இப்போது கல்லூரியில் இரண்டாம் வருஷம். ஆள் அப்பாவின் காது உயரத்துக்கு வளர்ந்தாயிற்று, பெயர் மட்டும் வளரவில்லை. சொந்த ஊர்ச் செடிகொடிகளையும் காளான்களையும் காப்பாற்ற ஏதாவது செய்கிற இளைஞர்களுக்குச் சின்னதாக ஓர் உதவித்தொகை தருகிறோம் என்று ஓர் அறக்கட்டளை அறிவித்திருந்தது. குருவி எழுதிப் போட்டாள். கிடைத்துவிட்டது.

ஏரிக்கரையில் பட்டுப்போன மரம் ஒன்றில் மழைக்கு மழை சாம்பல் நிறத்தில் விசிறி விசிறியாக ஒரு காளான் பூக்கும். அதிலிருந்து துளி எடுத்துக் கல்லூரி லேபில் வளர்த்தாள். விரல் நீளத்துக்கு ஆணிபோல் செதுக்கிய மர முளைகளில் அதை ஏற்றினாள். அப்பாவிடம் கட்டைகள் கேட்டு வாங்கி, துளை போட்டு, முளைகளை அடித்து இறக்கி, மெழுகால் மூடி, சாக்குப் போர்த்தி வைத்தாள். அதோடு சரி. மாதக்கணக்கில் அவை வெறும் கட்டைகளாகவே கிடந்தன.

"காளான் எப்பம்மா வரும்?" என்று ஒரு தடவை கேட்டார்.

"முதல்ல உள்ள ஓடணும்பா. ஓடி முடிச்சாதான் வெளிய வரும்."

என்ன ஓடும், எங்கே ஓடும் என்று அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. மரத்துக்குள் ஓடுகிற ஒன்றே ஒன்றுதான் அவருக்குத் தெரியும். அது ரம்பம்.

அன்று சாக்கைத் தூக்கிப் பார்த்தவர் சட்டென்று குனிந்தார்.

கட்டைகளின் வெட்டுமுகம் அத்தனையிலும் வெள்ளை. பஞ்சைப் பிய்த்து ஒட்டினாற்போல, வட்டம் வட்டமாக, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி.

மரவாடியில் 'வெள்ளை விழுந்துவிட்டது' என்று யாராவது சொன்னால், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் பாதியில் கை கழுவிக்கொண்டு எழுந்துவிட வேண்டும். இன்றைக்கு வெட்டுமுகத்தில் பூசணம், நாளைக்கு உள்ளே உளுப்பு, அப்புறம் அது விறகுக்கும் ஆகாத சக்கை. அவர் அப்பா காலத்திலிருந்து இந்த வாடிக்கு இருக்கிற நல்ல பெயரே, இங்கே வாங்கிய மரத்தில் வெள்ளை விழாது என்பதுதான். அதற்காகவே பின்பக்கம் சிமெண்டுத் தொட்டி ஒன்று கட்டி, பச்சை மருந்து கலந்து வைத்திருந்தார். வெள்ளை கண்ட மரம் அன்றைக்கே தொட்டிக்குப் போயாக வேண்டும். அதில் முதலாளி மரம், வாடிக்கையாளர் மரம் என்ற பேதமெல்லாம் கிடையாது.

நாளைக் காலையில் அறக்கட்டளையிலிருந்து ஓர் அம்மாள் வந்து கட்டைகளைப் பார்க்கப் போகிறார். குருவியோ பரீட்சை பரீட்சை என்று ஒரு வாரமாக இந்தப் பக்கமே வரவில்லை. பாவம், குழந்தைக்குத் தெரியாது. இத்தனை மாசம் பாடுபட்டது, வருகிறவர் கண்முன்னால் நோய் பிடித்து நிற்கப் போகிறது!

சட்டைக் கையை மடக்கிக்கொண்டார். ஆளை விட்டுத் தூக்கச் சொல்லவில்லை, மகளுடைய காரியம். ஒவ்வொரு கட்டையாகத் தோளில் சுமந்து போய்த் தொட்டியில் நிற்க வைத்தார். கீழ் வெட்டுமுகம் மருந்தில் முங்கி நின்றது. மேல் வெட்டுமுகத்துக்குப் பிரஷ்ஷால் இரண்டு கை பூசினார். உயரப்படி வரிசையாக அடுக்கியும் வைத்தார், வருகிறவர்கள் பார்த்தால் லட்சணமாக இருக்கட்டும் என்று. கை கழுவிக்கொண்டு வாடியை ஒட்டியிருந்த வீட்டுக்குப் போனார். நன்றாகத் தூங்கினார்.

காலையில் அவர் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது குருவி வாசலில் வந்து நின்றாள். கையில் காலிச் சாக்கு.

"அப்பா, கட்டையெல்லாம் யாரு எடுத்தது?"

"பதறாதம்மா, நான்தான்." வாயைக் கொப்பளித்துவிட்டுச் சிரித்தார். "எல்லாத்துலயும் வெள்ளை விழுந்திருந்தது. நல்லவேளை, என் கண்ணுல பட்டுச்சு. தொட்டியில நிக்க வெச்சிட்டேன். மேலயும் ரெண்டு கை பூசிவிட்டிருக்கேன். இனிமே ஒண்ணும் கிட்ட அண்டாது."

அவள் சாக்கைக் கீழே போட்டாள். திரும்பி ஓடினாள். செருப்பில்லாத காலோடு ஓடுகிறாளே, ஆணி கிடக்குமே என்று இவரும் பின்னாலேயே ஓடினார்.

தொட்டி முன்னால் அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கட்டைகளின் தலையெல்லாம் பச்சை. நேற்றைய பஞ்சு இப்போது நனைந்த குப்பை மாதிரி படிந்து கிடந்தது. விரலால் அதை ஒரு தடவை தொட்டாள். விரல் பச்சையானது.

"இது நோய் இல்லப்பா."

"பின்ன?"

"இதுதான் காளான்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. மகள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. "காளான்னா... குடை மாதிரி, விசிறி மாதிரி..."

"அது கடைசியில வர்றதுப்பா. பூ மாதிரி. செடின்னு சொன்னா இந்த வெள்ளைதான் செடி. உள்ள பூரா ஓடி முடிச்சிட்டேன்னு வெட்டுமுகத்துல வந்து எட்டிப்பாக்கும். இதுக்குத்தான் இத்தனை மாசமாக் காத்துக்கிட்டு இருந்தேன்." அவள் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் அவருக்குத் தேவலை என்று இருந்திருக்கும். "சரியா வந்த அன்னிக்கே நீங்க மருந்து போட்டிருக்கீங்க."

சத்தம் கேட்டு அம்மா வந்துவிட்டாள். வாடியின் முன்னறையில் உட்கார்ந்து பில் போடுகிறவள் அவள்தான். வாடிக்கையாளர்கள் அவருடைய ரம்பத்துக்கு அஞ்சியதைவிட அவள் நாக்குக்கு அஞ்சியதே அதிகம். பின்னாலேயே அவள் தம்பியும் வந்தான். ரம்பம் ஓட்டுகிற மிஷின்காரன் அவன்.

"என்னடி ஆச்சு?"

"அப்பா கட்டைக்கு மருந்து போட்டுட்டாரும்மா."

அம்மா தொட்டியைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"உங்களை யாருங்க தொடச் சொன்னா? வீட்டுக்குள்ள குழாய் ஒழுகுதுன்னு ஆறு மாசமாச் சொல்றேன், அதுக்குக் கை வரல. பொண்ணு கட்டையில மட்டும் ஓடிப்போய்க் கை வைக்கத் தெரியுது!"

"கெட்டுப்போகுதேன்னு..."

"கெட்டுப்போகட்டும்னுதானே அவ வெச்சிருக்கா! எனக்கே தெரியுது. மரம் மக்கினாத்தானே காளான் வரும்?"

"நீ சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க என்கிட்ட கேட்டுட்டா போய் நிக்க வெச்சீங்க?"

மிஷின்காரன் நடுவில் புகுந்தான். "அக்கா, கொஞ்சம் நிறுத்து. குருவி, லேப்ல இன்னும் கொஞ்சம் இருக்கும்ல? அதை வெச்சு மறுபடி போட்டுக்கலாம்."

"இல்ல மாமா. லீவுல கரண்ட் போயி பாட்டில் எல்லாம் கெட்டுப்போச்சு. ஏரிக்கரை மரத்தையும் ரோடு அகலப்படுத்தறோம்னு வெட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க. அடிக்கட்டையைக்கூட விடல." அவள் தொட்டியைக் காட்டினாள். "இருந்தது இவ்வளவுதான். இந்த ஊர்ல வேற எங்கயும் நான் அதைப் பாக்கல. ரெண்டு மழைக்காலம் தேடியிருக்கேன்."

மிஷின்காரன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். தகரக் கூரையிலிருந்து மழைநீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு கட்டை வேணுமோ எடுத்துக்கம்மா," என்றார் மரவாடிக்காரர். "நல்ல கட்டையாப் பாத்துத் தரேன்."

"கட்டை எதுக்குப்பா? உள்ள வைக்கறதுக்கு என்ன இருக்கு?"

எந்த மரத்தைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் அவரால் பதில் சொல்ல முடியும். எத்தனை கன அடி தேறும், எங்கே முடிச்சு இருக்கும், எந்தப் பக்கம் கோணும் என்று. இங்கே மரம் ஒரு பொருட்டே இல்லை என்கிறாள். மரத்துக்குள் இருந்தது போய்விட்டது என்கிறாள். அது இருந்ததையே அவர் பார்த்திருக்கவில்லை. இல்லை, பார்த்தார். வாழ்நாள் பூராவும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். பார்த்த இடத்திலெல்லாம் மருந்து போட்டிருக்கிறார்.

தொட்டிக்குள் கைவிட்டு ஒரு கட்டையை வெளியே எடுத்தார். பச்சைத் தண்ணீர் முழங்கை வரை வழிந்தது. கீழ்முகத்தைத் திருப்பிப் பார்த்தார். பட்டையைக் கட்டைவிரலால் அழுத்தினார். பட்டை மருந்தைக் குடிக்காது, அது தெரிந்ததுதான். வெட்டுமுகம் குடிக்கும். குடித்தது நரம்பு வழியாக மேலே ஏறும். ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

சட்டென்று நிமிர்ந்தார்.

"மாப்ள, மிஷினைப் போடு."

"எதுக்கு அத்தான்?"

"போடுன்னா போடேன்."

"இன்னும் என்ன பண்ணப் போறீங்க?" என்றாள் அம்மா. "கொன்னது போதாதுன்னு அறுக்கவும் போறீங்களா?"

அவர் அடுத்த கட்டையைத் தூக்கப் போனபோது குருவி எழுந்து குறுக்கே நின்றாள். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, தொட்டிக்கும் அவருக்கும் நடுவில்.

"தொடாதீங்கப்பா."

அப்படி ஒரு குரலில் அவள் அவரிடம் பேசியதில்லை. அவர் கையிலிருந்த கட்டையை மெதுவாகத் தரையில் வைத்தார்.

"சரி. தொடல. சொல்றதை மட்டும் கேளு. மருந்து கீழேர்ந்து மேல ஏறிக்கிட்டு இருக்கு. மேல பூசினது கீழ இறங்கிக்கிட்டு இருக்கு. ரெண்டும் இன்னும் சேந்திருக்காதுன்னு நினைக்கறேன். நடுவுல கொஞ்சம் சுத்தமா இருக்கலாம். ஈரக் கட்டை, அதனால மருந்து நின்னுடாது, நடந்துகிட்டேதான் இருக்கும். நாம இங்க நின்னு பேசற நேரமும் அது நடக்குது."

"இருக்கும்னு உறுதியாத் தெரியுமா?"

"தெரியாது. அறுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

"அறுத்துப் பாத்து, இல்லேன்னா?"

குருவி கைகளை இறக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் கேட்டுக்கு வெளியே ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது.

ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தவர் நடுத்தர வயது அம்மாள். முழங்கால் வரை சேறு. தோளில் ஒரு துணிப்பை. அறக்கட்டளையில் இந்தச் சின்ன உதவித்தொகைகளை எல்லாம் கவனித்துக்கொள்கிறவர் அவர்தான். குருவியின் அம்மா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு பாய்ந்தாள்.

"வாங்க வாங்க! உள்ள வந்து உக்காருங்க, டீ சாப்பிடலாம். கட்டைங்க எல்லாம் இப்பத்தான்... குளிச்சிக்கிட்டு இருக்கு."

"குளிச்சிக்கிட்டா?"

மிஷின்காரன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். மரவாடிக்காரர் பச்சைக் கையோடு முன்னால் வந்தார்.

"குளிக்கல மேடம். பூசணத்துக்குப் போடற மருந்துல ராத்திரி பூரா நின்னிருக்கு. நான்தான் வெச்சேன். வெள்ளையைப் பாத்து நோய்னு நெனச்சுட்டேன். பொண்ணு மேல தப்பில்ல."

அந்த அம்மாள் தொட்டிவரை நடந்து போய்ப் பார்த்தார். அப்புறம் பையைத் தரையில் வைத்தார்.

"ஒரு பையன் பெரணி வளத்தான். அவங்க வீட்டு ஆடே மேஞ்சிடுச்சு. ஒரு பொண்ணு வாய்க்கால் ஓரமா இந்த ஊர்ப் புல்லாத் தேடித்தேடி நட்டா. களை மண்டிப்போச்சுன்னு பக்கத்து வீட்டுக்காரங்க கூடி வந்து சுத்தம் பண்ணிக் கொடுத்துட்டாங்க, டீகூட வாங்கிக் குடிக்காம. நானும் வருஷக்கணக்கா இந்த வேலையில இருக்கேன். தொட்டியில நிக்க வெச்சது இதுதான் முதல் தடவை."

அம்மாவுக்கு ஆத்திரமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "எங்க வீட்டு ஆடு இது," என்றாள், புருஷனைக் காட்டி.

வந்தவர் குருவியின் பக்கம் திரும்பினார். "சரி. இப்ப என்ன பண்றதா இருக்கே?"

அவளிடம்தான் கேட்டார். அப்பாவைக் கேட்கவில்லை.

குருவி இப்போதுதான் கைகளை இறக்கினாள். கட்டைகளைப் பார்த்தாள். அறுத்தால் ஒருவேளை எல்லாமே பச்சையாக இருக்கும். அப்போது இருந்ததும் இல்லாமல் போகும். அறுக்காமல் விட்டால், இருக்கிறதோ இல்லையோ என்று ஒரு நம்பிக்கையையாவது வைத்துக்கொண்டிருக்கலாம், அதுவும் மருந்து நடுவைத் தொடுகிற வரைக்கும்.

"அறுக்கலாம்," என்றாள். "ஆனா ரம்பத்தைச் சுத்தம் பண்ணணும். அதுல ஒட்டியிருக்கற மருந்துத்தூள் உள்ள போயிடக் கூடாது. வெந்நீர் வேணும். நிறைய."

மரவாடிக்காரர் கட்டைகளைத் தொட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்தார். அம்மா ஓடினாள். வீட்டில் இருந்த அத்தனை பாத்திரமும் அடுப்பில் ஏறியது. மிஷின்காரன் ரம்ப நாடாவைக் கழற்றி, பல் பல்லாகப் பிரஷ் போட்டுத் தேய்த்து, வெந்நீர் ஊற்றிக் கழுவினான். மேசையைக் கழுவினான். தள்ளுகோலைக் கழுவினான். "என் கல்யாணத்தன்னிக்குக்கூட நான் இப்படி தேச்சுக் குளிக்கல," என்று முணுமுணுத்துக்கொண்டே கழுவினான். முன்பக்கம் வண்டி வைத்துக்கொண்டு பலகைக்காக நின்றவர்களிடம், இப்போது அறுப்பு இல்லை, போய்விட்டு மத்தியானத்துக்கு மேல் வாருங்கள் என்று அம்மா சொல்லியனுப்பினாள். காரணம் கேட்டவரிடம், "பிரசவ வார்டு மாதிரி வெச்சுக்குங்களேன்," என்றாள்.

ரம்பம் ஓடத் தொடங்கியது.

மரவாடிக்காரரே அறுத்தார். முதல் கட்டையின் தலையைச் சீவினார். கீழே ஒரு துண்டு. பச்சை. இன்னொரு துண்டு. அதுவும் பச்சை. கீரைத் தண்ணீரில் தோய்த்தது போல வளையம் வளையமாக. அடி வரைக்கும் போய்விட்டார். வெளுத்த இடம் ஒரு விரற்கடைகூட இல்லை.

இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதில் நடுவில் ஓர் ஊசிமுனை அளவு வெள்ளை தெரிந்தது. குருவி அந்தத் துண்டை முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். தலையை ஆட்டினாள். "மருந்து வாடை."

பச்சை வில்லைகள் காலடியில் குவிந்தன. முதலில் எடுத்தவை மெலிந்த கட்டைகள்; அவை எல்லாம் மருந்தை முழுக்கக் குடித்திருந்தன. ஒவ்வொரு கட்டைக்கும் குருவியின் முகம் ஒரு சுற்று சின்னதாகிக்கொண்டு வந்தது. ஆனாலும், "அடுத்தது," என்று அவளே சொன்னாள். ரம்பச் சத்தத்தில் அவள் குரல் கேட்கவில்லை; உதடு அசைவதைப் பார்த்து அவர் அடுத்ததை எடுத்தார்.

பாதிக்கு மேல் தீர்ந்தபோது அவர் கை நடுங்கத் தொடங்கியது. ஓடுகிற ரம்பத்தின் முன்னால் கை நடுங்கக் கூடாது. மிஷின்காரன் அதைக் கவனித்துவிட்டான்.

"நான் புடிக்கட்டுமா அத்தான்?"

"வேணாம்."

"விரல் போயிடும்."

"போனா என் விரல்தானே?"

"உங்க விரல் போனா அக்கா என் கழுத்தை எடுத்துடுவா. தள்ளுங்க."

ஆனால் அவர் தள்ளவில்லை. ரம்பத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு ஒரு மடக்கு வெந்நீரைக் குடித்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். மிச்சமிருந்ததில் கனத்த கட்டை ஒன்றைத் தூக்கி மேசையில் வைத்தார். "ஓட்டு," என்றார்.

தலை போயிற்று. பச்சை. அடுத்த வில்லை. ஓரத்தில் பச்சை, உள்ளே கொஞ்சம் மங்கல். அடுத்தது. பச்சை வளையம் மெலிந்திருந்தது. அடுத்தது.

மரத்தின் சொந்த நிறம். அதன்மேல் மேக மேகமாக வெள்ளை வரிகள், கிளை பிரிந்து, பின்னி, பட்டைக்கு அடியில் கெட்டியாக.

குருவி அதை வாங்கி மோந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். அப்பாவிடம் நீட்டினாள். அவரும் மோந்தார். மரவாசனை அவருக்குத் தெரியும். இது அது இல்லை. மழை விட்ட மண்ணும், ஏதோ லேசாக இனிப்பும் கலந்த வாசனை. இதை அவர் முன்னமே மோந்திருக்கிறார், எத்தனையோ தடவை. முகம் சுளித்துக்கொண்டுதான்.

"உயிர் இருக்கு," என்றாள் குருவி.

கீழேயிருந்து ஏறிய பச்சைக்கு மேலே ஒரு வெட்டுப் போட்டு நடுத்துண்டை எடுத்தார்கள். ஒரு கையகலம்தான் தேறியது. மிச்சக் கட்டைகளில் இன்னொன்றில் அதைவிடச் சின்னதாக ஒரு துண்டு. அவ்வளவே. வெந்நீரில் அலசிப் பிழிந்த துணியில் குருவி இரண்டையும் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு மரத்தூள் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அறக்கட்டளை அம்மாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மா இருவருக்கும் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, புருஷனுக்குக் கொடுக்காமல் போனாள்.

"நடந்ததை எல்லாம் அப்படியே எழுதி அனுப்பு," என்றார் அந்த அம்மாள். "அடுத்து இதே வேலைக்கு வர்றவங்களுக்கு வேணும்."

குருவி தலையை நிமிர்த்தாமல் கேட்டாள். "அப்பா, உங்க பேரைப் போடலாமா, வேணாமா?"

"போடு," என்றார் அவர்.

அன்று மத்தியானமே புதுக்கட்டைகள் வந்தன. மரவாடிக்காரர் தாமே தேடி எடுத்தார். மருந்தின் நிழல்கூடப் படாதது, போன வாரம் வெட்டியது, பட்டை உரியாதது. குருவி கொதிநீரில் போட்டெடுத்த உளியால் அந்த இரண்டு துண்டுகளையும் சில்லுச் சில்லாகப் பெயர்த்தாள். மிஷின்காரன் துளை போட்டான். சில்லுகளை ஒவ்வொன்றாக அவள் துளையில் வைக்க வைக்க, அடித்து இறக்க மரச்சுத்தியல் வேண்டியிருந்தது. சுற்றுமுற்றும் பார்த்தாள். சுத்தியலை எடுத்து அப்பாவிடம் கொடுத்தாள்.

நல்ல மரத்துக்குள், தன் கையாலேயே, வெள்ளையை வைத்து அடித்தார் மரவாடிக்காரர். முதல் அடிக்கு மனசு கூசியது. இரண்டாவதுக்கும் கூசியது. கடைசிவரைக்கும் கூசிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஒன்றையும் கோணலாக அடிக்கவில்லை.

அப்புறம் காத்திருப்பு.

பின்சுவர் ஓரத்திலிருந்து கட்டைகள் தண்ணீர்க்குழாய்ப் பக்கம் இடம் மாறின. பேசிப் பேசித் தொட்டியையே வாடியின் அந்தக் கோடிக்கு நகர்த்தினார்கள். அதாவது, பழையதை இடித்துவிட்டுப் புதுசு கட்டினார்கள். "ஒரு காளானுக்காகக் கொத்தனார் வெச்சவர் உலகத்துலயே எங்க வீட்டுக்காரர்தான்," என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமையும் கலந்திருந்ததோ என்று மிஷின்காரனுக்குச் சந்தேகம்.

குருவி அப்பாவிடம் பேசாமல் இல்லை. பேசினாள். "சாப்பிட வாங்கப்பா." "வண்டிச் சாவி எங்கப்பா?" "மழை வருதுப்பா." அவ்வளவுதான். முன்பெல்லாம் கல்லூரியில் நடந்ததை, அவர் கேட்கிறாரா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் கொட்டிக்கொண்டே இருப்பாள். இப்போது தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுகிறாள். திட்டினால்கூடத் தேவலை என்று அவர் மனைவியிடம் சொன்னார்.

"திட்டறதுக்குத்தான் நான் இருக்கேனே. அவளும் வேறயா?"

"விளையாடாத. அது மறுபடி வரலேன்னா?"

"வரலேன்னா வரல. நீங்க ஒண்ணும் வேணும்னு பண்ணல."

"வேணும்னு பண்ணியிருந்தா மன்னிப்புக் கேக்கலாம். நல்லதுன்னு நெனச்சுப் பண்ணினதுக்கு என்னன்னு கேக்கறது?"

அவள் அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

சாக்கைத் தூக்கிப் பார்க்கக் கூடாது, காற்றுப் பட்டால் காய்ந்துவிடும் என்பது குருவியின் உத்தரவு. அவர் தூக்கவில்லை. ஆனால் விடிந்ததும் முதல் வேலையாக அங்கேதான் போவார். சாக்கு ஈரமாக இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். காய்ந்திருந்தால் தண்ணீர் தெளிப்பார். அப்புறம் குனிந்து, சாக்கின் இழைகளினூடாக வரும் வாசனையைப் பிடிக்கப் பார்ப்பார். ஈரச் சணல் நாற்றம்தான் வரும். ஆட்கள் பார்த்துவிட்டால் செருப்பில் ஏதோ குத்தினாற்போல் காலைத் தடவிக்கொண்டு நகர்வார்.

வாடியைச் சுற்றி வரும்போதும் அவர் கண் மாறித்தான் போயிற்று. ஒதுக்கிப் போட்ட புறப்பலகைக் குவியலில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ பொட்டுப் பொட்டாக முளைத்திருந்தது. முன்பென்றால் வாரித் தீயில் போட்டிருப்பார். இப்போது குனிந்து பார்த்துவிட்டு, யாரும் மிதிக்காமல் ஒரு செங்கல்லைக் குறுக்கே வைத்துவிட்டுப் போனார். சட்டங்களும் பலகைகளும் மட்டும் எப்போதும்போல் மருந்துக்குப் போயின. அது பிழைப்பு. அதில் அவர் மாறவில்லை.

மழைக்காலம் முடிந்து, வெயில் வந்து, மறுபடியும் மேகம் கட்டத் தொடங்கியது. அறக்கட்டளை அம்மாள் இரண்டு தடவை போனில் கேட்டார். "இன்னும் இல்ல மேடம்," என்று குருவி சொல்வது முன்னறையிலிருந்து அவர் காதில் விழுந்தது. இரண்டாவது தடவை அவள் குரலில் சலிப்புக்கூட இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

அப்போதுதான் ஒரு நாள் முற்பகலில் வாசக்கால் செய்ய மரம் பார்க்க ஓர் ஆசாரி வந்தார். பழைய வாடிக்கை. மரத்தை மூக்கால் தொட்டுப் பார்த்துத்தான் வாங்குவார், எதையும் தூக்கிப் பார்க்காமல் விடமாட்டார், பார்த்ததை ஊர் முழுக்கச் சொல்லாமலும் இருக்கமாட்டார். மரவாடிக்காரர் சட்டங்களின் விலையைச் சொல்லிக்கொண்டே வர, தண்ணீர்க்குழாயில் கை கழுவப் போன ஆசாரி பக்கத்திலிருந்த சாக்கைக் கொத்தாகத் தூக்கிவிட்டார்.

"தொடாதீங்க!" என்று மரவாடிக்காரர் கத்துவதற்குள் காரியம் ஆகிவிட்டது.

ஆசாரி இரண்டடி பின்னால் வைத்தார். "என்ன அண்ணே இது? உங்க வாடியிலயா?"

"என்ன?"

"கட்டை முகத்தைப் பாருங்க. இத்தனை வருஷமா வர்றேன், உங்ககிட்ட இதைப் பாத்ததே இல்லையே!"

மரவாடிக்காரர் கிட்டே போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார். ஒருவேளை பச்சையோ? பச்சையாக வந்தால் அது வேறு பூசணம், எல்லாம் போயிற்று என்று அர்த்தம் என்று குருவி சொல்லியிருந்தாள். அவர் கண் கலங்கி, எதிரில் இருந்தது ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை.

"என்ன நெறம்? பாத்து, நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"இதுல பாக்கறதுக்கு என்ன அண்ணே இருக்கு? வெள்ளை."

"பச்சை இல்லையே? ஓரத்துல?"

"பச்சையாவது! பஞ்சு மாதிரி, பளிச்சுனு வெள்ளை. ஒண்ணு ரெண்டு இல்ல, எல்லாக் கட்டையிலயும் விழுந்து கெடக்கு. எனக்கு அந்தச் சட்டமெல்லாம் வேணாம்பா, நான் வேற எடம் பாத்துக்கறேன்."

மரவாடிக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஆசாரி மிரண்டுபோய்ப் பார்த்தார்.

"வேற எடம் போங்க, எங்க வேணும்னாலும் போங்க, ஊர் பூரா சொல்லிக்கிட்டே போங்க. ஆனா அதுக்கு முன்னாடி இன்னொரு தரம் சொல்லிட்டுப் போங்க."

"எதை?"

"இப்பச் சொன்னதை. முன்னறையில என் பொண்ணு இருக்கா. அவளுக்குக் கேக்கற மாதிரி, கொஞ்சம் சத்தமா."